ஸ்கோன் பொங்காமல் கல்லாகிறது: முட்டை சேர்க்காமல் ஒன்பது பேருக்குச் செய்வது எப்படி?

எக்ஸிட்டர் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் எக்ஸிட்டர் நகரில் குடியிருக்கிறேன். என் பெற்றோர் தஞ்சாவூரிலிருந்து மூன்று மாதம் தங்கிச் செல்ல வந்திருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை மாலை பிரிஸ்டலிலிருந்து தம்பி குடும்பமும் வருகிறது. ஆக மொத்தம் ஒன்பது பேர். டெவன் என்றாலே ஸ்கோனும் (டீயோடு சாப்பிடும் சிறிய வட்ட ரொட்டி) கெட்டிப் பாலேடும் ஜாமும்தான் என்று ஊரே சொல்லும்போது, அதைக் கடையில் வாங்கி வைக்க மனம் வரவில்லை. என் கையால் சுட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மா முட்டை தொடமாட்டார் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

சென்ற ஞாயிறு ஒத்திகையாக ஓர் ஈடு சுட்டுப் பார்த்தேன். என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செல்ஃப் ரைசிங் மாவு (பொங்க வைக்கும் தூள் கலந்தே விற்கும் கோதுமை மாவு) கால் கிலோ எடுத்து, நன்றாகப் பொங்கட்டும் என்று ஒரு தேக்கரண்டி சோடா உப்பும் சேர்த்தேன். வெண்ணெயை மைக்ரோவேவில் உருக்கி ஊற்றினேன். பால் விட்டுச் சப்பாத்திக்குப் பிசைவது போல் பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்தேன். பிறகு ஒரு விரல் கனத்துக்குத் தேய்த்து, எவர்சில்வர் டம்ளரால் திருகித் திருகி வட்டமாக வெட்டி, 180 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம் சுட்டேன்.

வந்தவை பாதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. மீதி எழவே இல்லை. நிறம் மஞ்சளாக இருந்தது. கடித்தால் சோப்பு வாடை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடையில் பொறையைத் தோய்ப்பது போல அதை டீயில் தோய்த்து, நன்றாக ஊறும் வரை பிடித்துக்கொண்டிருந்து, பிறகு உண்டார். அந்த மௌனம் எந்த விமர்சனத்தையும்விடக் கடுமையாக இருந்தது. முட்டை சேர்க்காததால்தான் இப்படி ஆனதா? சனிக்கிழமைக்குள் தேறிவிட வழி உண்டா?

எடின்பரோ தோசைக்கல் எழுதியது:

வணக்கம். முட்டை இல்லாததற்கும் நடந்ததற்கும் தொடர்பே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டு வீடுகளில் பல தலைமுறைகளாகச் செய்யும் சாதாரண ஸ்கோனில் மாவு, வெண்ணெய், சிறிது சர்க்கரை, உப்பு, பால் ஆகியவை மட்டுமே உண்டு. முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் அது விருப்பம், கட்டாயம் அன்று. சொல்லப்போனால் பேக்கிங் பவுடரின் கதையே தங்கள் வீட்டுக் கதையைப் போன்றதுதான். பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837இல் முட்டையில்லாக் கஸ்டர்ட் தூளையும், 1843இல் ஈஸ்ட் இல்லாமல் மாவைப் பொங்க வைக்கும் தூளையும் பேர்ட் உருவாக்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, தங்கள் தம்பி இருக்கும் அதே பிரிஸ்டலில், ஹென்றி ஜோன்ஸ் என்பவர் செல்ஃப் ரைசிங் மாவுக்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே சனிக்கிழமை அம்மாவிடம் இது முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்காகப் பிறந்த வித்தை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இனி தங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மஞ்சள் நிறத்துக்கும் சோப்பு வாடைக்கும் காரணம் சோடா உப்பு. ஆப்ப மாவில் அதைப் போட்டுப் பழகிய கை, இங்கேயும் தானாகவே டப்பாவை நோக்கிப் போகும், எனக்கும் போனது. ஆனால் ஆப்ப மாவு புளித்த மாவு. அந்தப் புளிப்பு சோடாவுடன் கூடி வாயுவாக மாற்றித் தீர்த்துவிடுவதால் வாடை மிஞ்சுவதில்லை. ஸ்கோன் மாவில் புளிப்பு ஏது? செல்ஃப் ரைசிங் மாவில் சோடாவும் அதற்கு ஈடான அமில உப்பும் அளந்து கலக்கப்பட்டுள்ளன. அதற்கு மேல் நாம் போடும் சோடா துணையின்றி நிற்கும். ஓவன் சூட்டில் அது சோடியம் கார்பனேட்டாக மாறுகிறது. சோப்பு வாடையும் மஞ்சளும் அந்தக் காரத்தன்மையால் வருபவை. 1960 ஜனவரியில் எலிசபெத் அரசி, அதற்கு முந்தைய ஆண்டு ஸ்காட்லாந்திலுள்ள தம் பால்மோரல் மாளிகைக்கு வந்து சென்ற அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குக் கடிதத்துடன் ஒரு டிராப் ஸ்கோன் செய்முறையை அனுப்பினார். அதில் 2 தேக்கரண்டி சோடாவுக்கு 3 தேக்கரண்டி க்ரீம் ஆஃப் டார்டர் என்று இருக்கிறது. அந்த க்ரீம் ஆஃப் டார்டர்தான் அங்கே புளிப்பின் வேலையைச் செய்கிறது. (அந்த டிராப் ஸ்கோன் தடித்த தோசை போன்ற வேறு பண்டம்; அதில் முட்டையும் உண்டு. அம்மாவுக்கு ஆகாது.)

கல்லாகியதற்குக் காரணம் பிசைந்ததுதான். சப்பாத்திக்கு நாம் மாவை அடித்துப் பிசைந்து ஊற வைப்பது அதில் இழுவை வர வேண்டும் என்பதற்காக. ஸ்கோனுக்கு அந்த இழுவையே பகை. இங்கே வேண்டியது சப்பாத்திக் கை அன்று, புட்டுக் கை. புட்டு மாவைப் பிசிறும்போது உள்ளங்கை படாமல் விரல் நுனியால் உதிர்த்து உதிர்த்து விடுவோம் அல்லவா? குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டி மாவில் போட்டு, அதே போல விரல் நுனிகளால் பிசிறுங்கள். பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிரும் பதம் வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். மாவின் மேல் வெண்ணெய் மெல்லிய பூச்சாகப் படிவதால் ஈரம் உள்ளே புகுந்து இழுவை உண்டாவது தடைப்படுகிறது; உருகாமல் நிற்கும் சிறு துணுக்குகள் ஓவனில் உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாக எழும்போது அவற்றின் இடத்தில் இடைவெளி விழுகிறது. வெண்ணெயை முன்பே உருக்கி ஊற்றினால் இந்த இரண்டில் பின்னதை அறவே இழக்கிறோம்.

ஒரு மணி நேரம் மூடி வைத்ததும் பிழை. பால் பட்ட நொடியிலேயே வாயு எழத் தொடங்கிவிடும். அது ஓவனுக்குள் எழ வேண்டுமே தவிர, ஈரத்துணிக்கு அடியில் அன்று. ஆகவே ஓவனை முதலில் சூடாக்கிவிட்டு, அதன் பிறகுதான் பாலை ஊற்றுவது என் வழக்கம்.

சாய்ந்து நின்றதற்கு டம்ளரைத் திருகியதுதான் காரணம். திருகும்போது வெட்டிய ஓரம் இழுபட்டு ஒட்டிக்கொள்கிறது; ஒட்டாத பக்கம் எழ, ஒட்டிய பக்கம் நின்றுவிடுகிறது. தவிர, டம்ளருக்கு அடிப்பாகம் மூடியிருப்பதால் உள்ளே அடைபடும் காற்றும் மாவை அமுக்கும். இரு பக்கமும் திறந்த வட்ட அச்சை மாவில் தொட்டு, நேராக அழுத்தி, நேராகவே எடுங்கள். அச்சு இல்லையென்றால் கூரிய கத்தியால் சதுரங்களாக வெட்டலாம். மிச்ச மாவைத் திரும்ப உருட்டும் தொல்லையும் இராது. மிச்ச மாவை உருட்டிச் செய்தவை எப்போதும் கோணலாகத்தான் வரும். அவற்றை நான் சமையல்கட்டிலேயே தின்றுவிடுவேன்.

அளவு: செல்ஃப் ரைசிங் மாவு 225 கிராம், வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 25 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, பால் 150 மில்லி. இதில் எட்டு வரும். ஒன்பது பேருக்கு இரு மடங்கு போடுங்கள். பாலை முழுவதும் ஒரே தடவையில் விடாமல் இரண்டு மேசைக்கரண்டி கையில் வைத்துக்கொள்ளுங்கள். கலவை சற்றுப் பிசுபிசுப்பாக இருப்பதே நல்லது. கனம் ஒரு விரல் அன்று. இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும். எல்லோரும் தயங்குவது இந்த இடத்தில்தான். மெல்லியதாகத் தேய்த்த ஸ்கோன் எவ்வளவு பொங்கினாலும் பிஸ்கட்டாகவே முடியும். சூடு 220 டிகிரி, விசிறி ஓவனானால் 200. பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். 180 போதாது, ஏனெனில் மேல் தோல் இறுகுவதற்கு முன் உள்ளே வேகமாக எழ வேண்டும்.

ஓவனில் இடம் போதாவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஸ்கோன் என்பது ஆதியில் ஓவன் பண்டமே அன்று. கர்டில் என்னும் கனமான இரும்புத் தட்டில் சுட்டார்கள். பார்த்தால் நம் தோசைக்கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே மாவை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாகத் தட்டி, நான்காகக் கீறி, மிதமான தீயில் பக்கத்துக்கு ஐந்து நிமிடம் வேக விடுங்கள். (ஒரு சிறு தகவல்: இங்கே ஸ்கோன் என்றால் சிரிப்பார்கள், ஸ்கான் என்றுதான் சொல்ல வேண்டும். டெவனில் தங்கள் விருப்பம்.)

சிட்னிச் சுண்டு எழுதியது:

வணக்கம் அக்கா. எடின்பரோ அண்ணா சொன்ன புட்டுக் கை சரிதான். ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்துப் புட்டுக்கு அதற்கு அடுத்த படியும் உண்டு. கொதிநீர் விட்டுக் குழைத்த மாவைச் சுண்டால் (அளக்கும் தகர டப்பாவால்) கொத்திக் கொத்திச் சிறு மணிகளாக்குவோம். ஸ்கோனுக்குப் பாலை ஊற்றிய பிறகு நான் கையை வைப்பதே இல்லை. முனை மழுங்கிய மேசைக் கத்தியால் கொத்தி, வெட்டி, திருப்பிக் கலக்குகிறேன். கடைசியில் கட்டியாகச் சேர்ப்பதற்கு மட்டும் நான்கைந்து தடவை கையால் மடித்து அமுக்கினால் போதும். கையின் சூட்டில் வெண்ணெய் இளகாதிருக்க இதைவிட நல்ல உபாயம் நான் காணவில்லை.

வெண்ணெய் பிசிறும் வேலையே வேண்டாம் என்றால், அவுஸ்திரேலியாவில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த லெமனேட் ஸ்கோன் இருக்கிறது. செல்ஃப் ரைசிங் மாவு 3 கப், க்ரீம் 1 கப், லெமனேட் 1 கப், வேறெதுவும் இல்லை. முட்டையும் இல்லை. இங்கே லெமனேட் என்பது நாம் வீட்டில் பிழியும் எலுமிச்சைச் சாறு அல்ல, போத்தலில் வரும் வாயு நிரம்பிய இனிப்புப் பானம். நான் முதற்தடவை தேசிக்காய் பிழிந்து ஊற்றி, அது ஏன் பொங்கவில்லை என்று போறணை (ஓவன்) கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள். க்ரீமில் உள்ள கொழுப்பு வெண்ணெயின் வேலையைச் செய்கிறது. பானத்தின் சீனியே இனிப்புக்குப் போதும். சுவையில் வெண்ணெய் போட்டதற்குக் கீழேதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது பேர் வாசலில் வந்து நிற்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

தட்டில் அடுக்கும்போது ஒன்றுக்கொன்று தொட்டும் தொடாமலும் நெருக்கி வையுங்கள். பக்கத்தில் விரிய இடமில்லாததால் மேலே எழும். ஓரங்களும் மெதுவாக இருக்கும்.

எக்ஸிட்டர் வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆப்பச் சோடா விளக்கத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன்; "புளிக்காத மாவில் யாராவது சோடா போடுவார்களா, என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார். இன்னும் மூன்று ஐயங்கள். மேலே பளபளப்பு வர முட்டை தடவச் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்? அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அவருக்கு மட்டும் காரமாக ஏதாவது செய்ய முடியுமா? பாலேட்டை முதலில் தடவுவதா, ஜாமை முதலில் தடவுவதா என்று பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் கேட்டபோது அவர் முகம் மாறியதைக் கண்டேன், அது ஏன்?

ட்ரூரோ கடலோரம் எழுதியது:

வணக்கம். நான் தங்கள் பக்கத்து மாவட்டமான கார்ன்வாலில் இருப்பதால் மூன்றாவது கேள்விக்கு நடுநிலையான பதிலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். டெவனில் பாலேடு முதலில், அதன் மேல் ஜாம்; கார்ன்வாலில் ஜாம் முதலில், அதன் மேல் பாலேடு. விளையாட்டுப் போலத் தோன்றினாலும் 2018 மார்ச்சில் இது செய்தியாகவே ஆனது. கார்ன்வாலில் நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுச் சின்னப் பாதுகாப்பு அறக்கட்டளை பராமரிக்கும் லான்ஹைட்ராக் மாளிகையினர் அன்னையர் தின விளம்பரத்தில் பாலேட்டின் மேல் ஜாம் வைத்த படத்தைப் போட்டுவிட, ஊரார் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. என் அனுபவத்தில் ஸ்கோனின் சூடுதான் இதைத் தீர்மானிக்க வேண்டும். இளஞ்சூடாக இருக்கும்போது பாலேட்டை முதலில் வைத்தால் உருகி வழிந்துவிடும். ஆகவே ஜாம் முதலில். நன்றாக ஆறியதென்றால் பாலேட்டை வெண்ணெய் போலத் தடவலாம். பக்கத்து வீட்டம்மா வந்தால் மட்டும் டெவன் முறைப்படியே கொடுத்துவிடுங்கள். தாங்கள் அங்கே வாழ வேண்டியவர்கள்.

பாலேட்டை அம்மாவுக்கு விளக்குவது எளிது. அகன்ற தட்டில் க்ரீமைக் கொதிக்க விடாமல் பல மணி நேரம் சூட்டில் வைத்து, பிறகு மெல்ல ஆற விடுகிறார்கள். மேலே மஞ்சள் பூத்த ஏடு கட்டுகிறது. உமி அடுப்பில் நாள் முழுக்கப் பால் காய்ந்து ஏடு கட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. கார்னிஷ் கெட்டிப் பாலேடு என்ற பெயருக்கு 1998 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு உண்டு. அதில் கொழுப்பு குறைந்தது 55 விழுக்காடு இருக்க வேண்டும். ஆகவே அப்பாவுக்கு அரைக் கரண்டிக்கு மேல் வேண்டாம். வீட்டிலேயே செய்ய விரும்பினால், கொழுப்பு மிகுந்த டபுள் க்ரீமை ஆழமில்லாத பீங்கான் தட்டில் ஊற்றி, 80 டிகிரியில் இரவு முழுக்கச் சுமார் பன்னிரண்டு மணி நேரம் ஓவனில் விட்டு, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். அடியில் தேங்கும் பாலைக் கொட்ட வேண்டாம். அடுத்த ஈட்டு ஸ்கோனுக்கு அதைவிட நல்ல பால் கிடையாது.

பளபளப்புக்குப் பாலோ க்ரீமோ தடவலாம். நிறம் சற்று வெளுப்பாக இருக்கும், அவ்வளவுதான். எதைத் தடவினாலும் மேற்பரப்பில் மட்டும் தடவுங்கள். பக்கத்தில் வழிந்தால் அந்த இடம் ஒட்டிக்கொண்டு மறுபடியும் சாய்ந்துவிடும்.

அப்பாவுக்குச் செடார் ஸ்கோன் செய்யலாம். அதே 225 கிராம் மாவில் சர்க்கரையை விட்டுவிட்டு, துருவிய செடார் சீஸ் 100 கிராம், கடுகுப் பொடி அரைத் தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் இரண்டு சேர்த்துப் பாருங்கள். மாவும் சர்க்கரையை ஏற்றும் என்பதால் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது நல்லது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: சில சீஸ் வகைகளில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்க்கிறார்கள். அம்மாவும் ஒன்றை எடுத்துக் கடிக்கக்கூடும் என்பதால், சைவத்துக்கு உகந்தது என்று உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள்.

எக்ஸிட்டர் வாசி எழுதியது:

சனிக்கிழமை முடிந்தது. நடந்ததைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவளாவேன். வெண்ணெயைப் பிசிறும் வேலையை அம்மா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மூன்றே நிமிடத்தில் மாவு மணி மணியாக உதிர்ந்தது. ஐம்பது வருடப் புட்டு அனுபவத்துக்கு முன்னால் என் பாடம் எம்மாத்திரம்? வெட்டும் வேலை தம்பி மகளுக்கு. அவள் முதல் நான்கைத் திருகிவிட்டாள். அந்த நான்கும் சொல்லி வைத்தாற்போலச் சாய்ந்தன, மற்ற பன்னிரண்டும் நிமிர்ந்து நின்றன. எழுந்த ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. குறையோ என்று நினைத்தேன், ஆனால் அந்த இடத்தில் கையால் பிட்டால் கத்தியே தேவைப்படவில்லை. செடார் ஸ்கோன் எட்டும் ஆறுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டன. அப்பா தமக்குரியதை இம்முறையும் டீயில் தோய்த்தார். அது மிருதுவாக இருந்ததால் பாதி உள்ளே விழுந்துவிட்டது. கரண்டியால் தேடி எடுத்து உண்டுவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.

ஐந்து ஸ்கோன் மீந்தது. மறுநாள் காலை எடுத்தால் வறண்டு கிடக்கிறது. அடுத்த மாதம் அவர்கள் ஊருக்குத் திரும்பும் நாளில், அதிகாலையில் புதிதாகச் சுட்டுக் கொடுக்க நினைக்கிறேன். அவ்வளவு சீக்கிரம் எழுந்து எல்லாம் செய்ய முடியுமா என்பதுதான் கவலை.

எடின்பரோ தோசைக்கல் எழுதியது:

மகிழ்ச்சி. இடுப்பு வெடிப்பு குறையன்று. அதுதான் நல்ல ஸ்கோனுக்கு அடையாளம், இங்கே அதைத் தேடிப் பார்ப்பார்கள்.

ஸ்கோன் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. மீந்ததை 160 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் ஓரளவு உயிர் வரும். பயண நாளுக்கு வேறு வழி இருக்கிறது. முந்தைய வாரமே வெட்டிய பச்சை வட்டங்களைத் தட்டில் பரப்பி உறைபெட்டியில் வைத்து, கெட்டியானதும் பைக்கு மாற்றிவிடுங்கள். அன்று காலை ஓவனை மட்டும் சூடாக்கி, உறைந்தபடியே உள்ளே வைத்து, வழக்கத்தைவிட மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக விட்டால் போதும். பெட்டியில் கட்டிக் கொடுப்பதாக இருந்தால் முழுவதும் ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து அடிப்பக்கம் நசநசத்துவிடும்.

சிட்னிச் சுண்டு எழுதியது:

அத்துடன் பாலேட்டைக் கைப்பையில் வைத்து அனுப்ப வேண்டாம் அக்கா. 100 மில்லிக்கு மேல் இருந்தால் சில விமான நிலையங்களில் சோதனையின்போது எடுத்துவிடக்கூடும். ஜாமுக்கும் அதே கதிதான். வீட்டிலேயே தடவிச் சாப்பிடக் கொடுத்து, வெறும் ஸ்கோனை மட்டும் கட்டிக் கொடுங்கள்.